கல்லீரல் கொழுப்புக்குச் சத்துமாவுக் கஞ்சி: உணவோடு சேர்த்தா, உணவுக்குப் பதிலாகவா?

கேள்வி
எழுதியவர்: கணக்கர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். காலை ஒன்பதரை மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால், சரக்கு கப்பலேறும் வாரங்களில் இரவு ஒன்பது மணி வரை எழுந்து நடக்க நேரம் கிடைப்பதில்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே அவ்வப்போது ஒரு கனம் தெரிந்ததால் வயிற்று ஸ்கேன் எடுத்தேன். ‘கல்லீரல் கொழுப்பு, இரண்டாம் நிலை’ என்று அறிக்கை வந்திருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 72, எஸ்.ஜி.ஓ.டி. 48, பிளேட்லெட் 2,40,000, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1, ட்ரைகிளிசரைடு 232. மது, புகை இரண்டும் கிடையாது. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. எடையையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

என் மைத்துனர், 21 வகைத் தானியங்கள் கலந்தது, கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்ற விளம்பரத்தோடு வரும் சத்துமாவுப் பொட்டலங்களை இணையத்தில் வாங்கிக் கொடுத்தார். காலையில் இட்லிக்கு முன்பு ஒரு பெரிய குவளை, இரவு படுக்கும் முன்பு ஒரு பெரிய குவளை, பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் குடித்து வருகிறேன். மற்றபடி காலையில் ஐந்து இட்லி, மதியம் வீட்டிலிருந்து கொண்டு செல்லும் சாதம், சாம்பார், ஏதேனும் ஒரு பொரியல், மாலையில் தேநீருடன் இரண்டு பருப்பு வடை, இரவில் மூன்று அல்லது நான்கு தோசை. பொரித்த அசைவத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனாலும் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது.

சத்துமாவு உண்மையிலேயே கல்லீரலுக்கு நன்மை செய்யுமா, செய்யுமென்றால் எந்தத் தானியத்தை எந்த அளவில் எப்படிச் சமைத்து உண்ண வேண்டும், அரிசியை முற்றிலும் விட்டுவிட வேண்டுமா, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை சேர்ப்பதில் தவறு உண்டா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: உணவியலாளர், மதுரை

வணக்கம் ஐயா. மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். தாங்கள் உண்பதையும் குடிப்பதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிது.

முதலில் அந்தக் கஞ்சியையே கணக்கிடுவோம். குவித்து எடுத்த இரண்டு மேசைக் கரண்டி மாவு சுமார் 40 கிராம் இருக்கும். அது ஏறக்குறைய 150 கலோரி. அதில் ஊற்றும் 200 மி.லி. பால், ஆவின் நீல உறைப் பாலாக இருந்தால் 120 கலோரியை ஒட்டியும், ஆரஞ்சு உறைப் பாலாக இருந்தால் அதைவிட 50 கலோரி கூடுதலாகவும் தரும். நாட்டுச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி குவித்துப் போட்டால் 60 கலோரி. ஆக ஒரு குவளை 330 முதல் 380 கலோரி, இரண்டு குவளை 700 கலோரியை ஒட்டி வருகிறது. இது தங்களுடைய ஐந்து இட்லிக் காலை உணவைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தாங்கள் கணக்கர், செலவில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பழைய பதிவு எதையும் கழிக்காமல் மொத்தம் குறையும் என்று எதிர்பார்க்க மாட்டீர்கள். பொரித்த அசைவத்தை நிறுத்திய பிறகும் எடை ஏறியதற்குக் காரணம் இதுதான்.

சத்துமாவு எதற்காக ஏற்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் சத்துமாவு வழங்கப்படுகிறது. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப் பருப்பு, வெல்லம் ஆகியவற்றின் கலவை அது; எடை கூட வேண்டியவர்களுக்கு, சிறிய வயிற்றில் நிறைய சக்தி சேரவேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டது. கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைக்கும்போது அதில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்து நிற்கும். அதனால் ஒரே குவளையில் அதிக மாவைக் கரைக்க முடியும். தவழும் குழந்தைக்கு இது வரம். 81 கிலோ எடையும் 101 செ.மீ. இடுப்பும் உள்ள ஒருவர் இதைக் கூடுதல் பானமாகக் குடிப்பதில் பொருளில்லை.

இதனால் முழுத்தானியம் பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். உண்ணும் தானியத்தில் குறைந்தது பாதியை 12 வாரங்களுக்கு முழுத்தானியமாக மாற்றிய கல்லீரல் கொழுப்பு நோயாளிகளுக்கு ஸ்கேன் நிலையிலும் நொதி அளவுகளிலும் முன்னேற்றம் தெரிந்ததாக ஈரானில் நடந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. அதில் கவனிக்க வேண்டிய சொல் ‘மாற்றிய’ என்பது. அவர்கள் வழக்கமான உணவின் மேல் முழுத்தானியத்தைச் சேர்க்கவில்லை. உணவோடு கூடுதலாக உட்கொள்ளும் ‘சப்ளிமென்ட்’ என்ற பெயருக்கு ஓரளவு பொருந்தும் தானியப் பொருளுக்கு ஆதாரம் வேண்டுமென்றால், சீனாவில் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வைச் சொல்லலாம்: எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை நாள்தோறும் 40 கிராம் வீதம் நான்கு மாதங்கள் உண்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு கணிசமாகக் குறைந்தது. ஆனால் அது அதற்கென்றே தயாரித்த பொருள். நமது பொட்டலத்தில் உள்ள மாவு அதன் இடத்தை நிரப்பாது. வடித்த சோற்றைக் குளிரவைத்தால் இந்த வகை மாவுச்சத்து சிறிது கூடும் என்பது உண்மைதான், பழைய சோற்றுக்கு இப்போது கிடைத்திருக்கும் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். எனினும் அந்தக் கூடுதல் மிகச் சிறியது, அதை நம்பி இரண்டு கிண்ணம் கூட உண்ணலாகாது.

எண்ணெயைக் குறைத்தும் ஏன் பலருக்குக் கல்லீரல் கொழுப்பு இறங்குவதில்லை என்பதற்கு விடை 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. கல்லீரலில் சேர்ந்திருந்த கொழுப்பின் மூலத்தைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய 59 சதவீதம் உடற்கொழுப்பிலிருந்து இரத்தத்தின் வழியாக வந்தது. 26 சதவீதம் சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து கல்லீரலே புதிதாக உருவாக்கியது. உண்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம் மட்டுமே. எனவே வடையை நிறுத்துவது நல்லது. ஆனால் நான்கு தோசையும் இனிப்புக் கஞ்சியும் தொடரும்வரை அது மட்டும் போதாது.

நாட்டுச் சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகிய மூன்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அதில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது, மிஞ்சுவதைக் கொழுப்பாகவும் மாற்றுகிறது. தேனிலும் ஃப்ரக்டோஸ் நிறையவே உண்டு. நிறத்திலும் மணத்திலும் இரும்புச்சத்தின் சிறு அளவிலும் வேறுபாடு இருக்கலாம். கல்லீரலைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. பழச்சாற்றுக்கும் இது பொருந்தும். பழத்தைக் கடித்து உண்பதற்குத் தடையில்லை.

அரிசியை அறவே விடத் தேவையில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 356 கலோரி, கேழ்வரகில் 320, கம்பில் 348. கலோரியில் பெரிய இடைவெளி இல்லை என்பதைப் பார்க்கிறீர்கள். நார்ச்சத்தில்தான் வேறுபாடு: அரிசியில் 2.8 கிராம், கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். ஆகவே சிறுதானியம் என்பதால் வயிறு நிறைய உண்ணலாம் என்ற எண்ணம் தவறானது. தட்டில் தானியம் கால் பங்கு, காய்களும் கீரையும் பாதி, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் ஆகியவை மீதிக் கால் பங்கு என்று அமைத்துக்கொண்டால், அந்தத் தானியம் சாமையாக இருந்தாலும் கைக்குத்தல் அரிசியாக இருந்தாலும் பயன் கிடைக்கும். நம் ஊர்த் தட்டில் தலைகீழாக இருக்கிறது. பொரியலை ஊறுகாய் அளவுக்கு வைத்துக்கொள்கிறோம்.

கைவசமுள்ள மாவை வீணாக்க வேண்டாம். காலை இட்லிக்குப் பதிலாக, 30 கிராம் மாவை நீரில் காய்ச்சி, ஆறியபின் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்து, அதனுடன் ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ உண்ணுங்கள். இரவுக் குவளையை இன்றே நிறுத்துங்கள்.


பதில் 2
எழுதியவர்: மாவு அரைப்பவர், கிருஷ்ணகிரி

மேலே அம்மையார் எழுதியதற்குத் தொழில் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். எங்கள் வட்டாரம் கேழ்வரகு விளையும் பூமி. மாவு அரைப்பதும் சத்துமாவுக் கலவை செய்து கொடுப்பதும் எங்கள் குடும்பத் தொழில்.

‘21 வகை’ என்று எழுதியிருந்தால் 21 தானியம் என்று பொருளில்லை. ஏலக்காய், சுக்கு, முந்திரி, பாதாம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை எடைவாரியாக, அதிகமானதை முதலில் வைத்து அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்கள் என்னவென்று பாருங்கள். கோதுமை, ஜவ்வரிசி, சர்க்கரை என்று தொடங்கினால், பதினாறாவது இடத்தில் நிற்கும் குதிரைவாலி பெயருக்குத்தான் இருக்கிறது. ஜவ்வரிசி தானியமே அல்ல. மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. கஞ்சிக்கு வழவழப்பு வரும் என்பதற்காகவும் விலை கட்டுபடியாகும் என்பதற்காகவும் சேர்க்கிறார்கள். ஒரு நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொட்டலத்தில் விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை என்பதால், ‘கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும்’ என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தின் மற்ற வாசகங்களையும் சற்று ஐயத்தோடு படிப்பது நல்லது.

வீட்டிலேயே தயாரிப்பவர்கள் நிலக்கடலையில் மிகுந்த கவனம் வைக்க வேண்டும். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது நேராகக் கல்லீரலைத்தான் தாக்கும், வறுத்தாலும் முழுமையாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, முளைப்பக்கம் பச்சையோ சாம்பல் நிறமோ படர்ந்தது, வாயில் போட்டால் கசப்பது ஆகியவற்றைத் தயங்காமல் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கல்லீரலுக்கு நல்லதென்று குடிக்கும் கஞ்சியில் இது கலந்துவிடக் கூடாதல்லவா.

கம்பு மாவை மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். அரைத்த சில வாரங்களில் சிக்கு வாடை வந்து கசக்கத் தொடங்கும். எந்த மாவானாலும் எந்திரத்திலிருந்து சூடாக வரும். துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்து வண்டு வைக்கும்.

இன்னொன்று, சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவை உமி நீக்கி வருபவை. கடையில் வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிட்டையும் சேர்த்துத் தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சற்றே பழுப்பாக, தொட்டால் மெல்லிய மாவு ஒட்டுவதாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கேழ்வரகில் இந்தத் தொல்லை இல்லை. அதன் தோல் உள்மாவோடு ஒட்டியிருப்பதால் தனியே தீட்ட இயலாது. சலிக்காமல் வைத்துக்கொண்டால் முழுத்தானியமாகவே கிடைக்கும். அரைக்கக் கொடுக்கும்போது நயமாக வேண்டாம், குருணைப் பதமாக வேண்டும் என்று சொல்லுங்கள். மாவு நயமாக ஆக, வயிற்றில் விரைவாகச் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். கம்பை இடித்துப் புடைத்துச் சோறாகவே வடித்து உண்டவர்கள் எங்கள் பாட்டன்மார். கூழ் நோயாளிக்கும் வெயிலில் உழைப்பவனுக்கும்தான்.


பதில் 3
எழுதியவர்: மூலிகை ஆர்வலர், நாகர்கோவில்

எல்லோரும் கலோரிக் கணக்கிலேயே நின்றுவிட்டீர்கள். கல்லீரலுக்கென்றே நம் முன்னோர் கீழாநெல்லியைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கீழாநெல்லிப் பொடி, சீந்தில் பொடி, கடுக்காய்ப் பொடி மூன்றையும் சம அளவில் கலந்து சத்துமாவுக் கஞ்சியில் போட்டு ஒரு மண்டலம் குடித்தால் கொழுப்பு தானாகக் கரையும். என் உறவினர் ஒருவர் இப்படிக் குடித்தே சரியானார். பக்க விளைவு ஏதும் கிடையாது, இயற்கையானது.


பதில் 4
எழுதியவர்: பொது மருத்துவர், தஞ்சாவூர்

முந்தைய பதிலை அப்படியே விட்டுவிட முடியவில்லை. கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு மரபாகப் பயன்பட்டு வருவது. கல்லீரலில் படிந்த கொழுப்பை அது நீக்குகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை, இரண்டும் வெவ்வேறு நோய்கள். சீந்திலைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கவலைக்குரியது. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று அதை நாள்தோறும் உட்கொண்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த மாத்திரைகள், அசுவகந்தா, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் ஆகியவற்றாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. எஸ்.ஜி.பி.டி. ஏற்கெனவே உயர்ந்திருக்கும் ஒருவர், கலவையில் என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியை உண்ணும்போது, பிறகு அந்த எண் கூடினால் அது நோயாலா பொடியாலா என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. உறவினர் குணமானதில் மகிழ்ச்சி. அவர் அந்த ஒரு மண்டலத்தில் எத்தனை கிலோ குறைந்தார், இனிப்பை நிறுத்தினாரா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இனி திருப்பூர் நண்பருக்கு. ஸ்கேன் அறிக்கையில் வரும் முதல், இரண்டாம், மூன்றாம் நிலை என்பது கொழுப்பு எவ்வளவு படிந்திருப்பதாகப் படத்தில் தெரிகிறது என்பதைக் குறிப்பது. உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அதுவன்று. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே. இரண்டாம் நிலை உள்ள ஒருவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், முதல் நிலை உள்ள ஒருவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான கொழுப்பைச் சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் தவறவிட்டுவிடும் என்பதால், ‘கொழுப்பு இல்லை’ என்ற அறிக்கையும் முழு நிம்மதி தராது.

தழும்பின் அபாயத்தை மதிப்பிட ஃபிப்-4 என்ற எளிய கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்; முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 47ஐ 48ஆல் பெருக்கினால் 2256. 72இன் வர்க்கமூலம் 8.49, அதை 240ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2037. வகுத்தால் 1.1 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கான வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் போனால் கல்லீரல் நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பை அளக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. ஆகவே இன்றைய நிலையில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை 6.1 என்பது நீரிழிவின் வாசல். இந்த நோய்க்கும் அதற்கும் உள்ள நெருக்கத்தைக் கருதித்தான் 2023இல் ‘மது சாராத கொழுப்புக் கல்லீரல்’ என்ற பழைய பெயரை மாற்றி, ‘வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த’ என்று உலக அளவில் வழங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கல்லீரல் அழற்சி பி, சி ஆகிய கிருமிகளுக்கான பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனையையும் இதுவரை செய்யவில்லையென்றால் அடுத்த முறை செய்துவிடுங்கள்.

உணவைப் பற்றி மதுரை அம்மையார் சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன். இலக்கை மட்டும் எண்ணாகச் சொல்கிறேன். இருக்கும் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 சதவீதத்தைத் தாண்டினால் அழற்சி தணிய வாய்ப்பு அதிகம். 10 சதவீதம் குறைந்தால் தழும்பு இருப்பவர்களுக்குக்கூட அது குறையலாம். உங்கள் 81 கிலோவுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல். வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகம் போதுமானது. பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு கிலோ குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாவதையும், கல்லீரல் அழற்சியே கூடுவதையும் பார்க்கிறோம். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்கேனை அடிக்கடி எடுப்பதைவிட அளவு நாடாவை வாரந்தோறும் பயன்படுத்துவது பயனுள்ளது, செலவும் இல்லை.

வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடை, எடை குறையாவிட்டாலும்கூட, கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். உங்களைப் போல் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்கள் இதைத் தட்டிக் கழித்துவிட்டு உணவில் மட்டும் தீர்வு தேடுவது வழக்கம். சர்க்கரை சேர்க்காத காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்பதால் காபிப் பிரியர்கள் வருந்த வேண்டியதில்லை. மாத்திரை எழுதாத உங்கள் மருத்துவர் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறார். இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் 2024இல் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெடிரோம் என்ற மருந்துகூட, அழற்சியோடு நடுத்தர அல்லது முற்றிய தழும்பு உள்ளவர்களுக்கானதுதான். வைட்டமின் இ மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கமும் வேண்டாம்; அது யாருக்கு என்பது பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.


கேள்வியாளரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தேன்: கோதுமை, மக்காச்சோளம், பொட்டுக்கடலை, ஜவ்வரிசி, அதன்பின் கேழ்வரகு என்று இருக்கிறது. இரவுக் குவளையை நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பணி முடிந்து வீடு சேர இரவு பத்தாகிவிடும் நாட்களில் என்ன உண்பது? என் மனைவி தைராய்டு மாத்திரை உட்கொள்கிறார். அவருக்கும் எடை அதிகம் என்பதால் இதே கஞ்சியையும், நார்ச்சத்துக்காக இசப்கோலையும் அவர் எடுத்துக்கொள்ளலாமா?


பதில் 5
எழுதியவர்: உணவியலாளர், மதுரை

இரவு பத்து மணிக்கு மேல் நான்கு தோசை உண்பதைத் தவிர்க்க, மாலை உணவை அலுவலகத்திலேயே கனமாக்கிக்கொள்ளுங்கள். வடை வரும் நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுசென்ற கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறுச் சுண்டல் ஒரு கிண்ணம், ஒரு கொய்யா, சர்க்கரை இல்லாத தேநீர் என்று ஏழு மணிக்குள் முடித்துவிட்டால், வீடு சேர்ந்தபின் காய்கறிக் கூட்டோடு ஒரு தோசையோ, கீரை சேர்த்த கேழ்வரகு அடை ஒன்றோ, ஒரு குவளை மோரோ போதுமானதாக இருக்கும். சுண்டலில் தேங்காய்த் துருவலை ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்துங்கள். வீட்டில் எண்ணெய் செலவாகும் கணக்கையும் பாருங்கள்: ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை போதும், பெரும்பாலான வீடுகளில் அதைவிட மிக அதிகமாகவே செலவாகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: நீரிழிவுக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தானியத்தைத் திடீரெனப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும், மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்ட பிறகே குறைக்க வேண்டும்.

தங்கள் மனைவி தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி குடிக்கலாம். கம்பை நாள்தோறும் பெருமளவில் உண்பது தைராய்டு சுரப்பியின் செயல்பாட்டுக்கு இடையூறு செய்யக்கூடும் என்ற கருத்து இருப்பதால், அவருக்குக் கம்பை வாரத்தில் ஓரிரு நாளோடு நிறுத்தி, மற்ற நாட்களில் கேழ்வரகு, கோதுமை ரவை, கைக்குத்தல் அரிசி என்று மாற்றிக் கொடுங்கள். இசப்கோல், தைராய்டு மாத்திரையை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எனவே இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலை ஆறு மணிக்கு மாத்திரை என்றால், இரவு உணவுக்கு முன் ஒரு தேக்கரண்டி இசப்கோலை ஒரு முழுக் குவளை நீரில் கலக்கி உடனே குடிப்பது வசதியாக இருக்கும். தண்ணீர் குறைந்தால் அது தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் அரைத் தேக்கரண்டியில் தொடங்கட்டும்.